மாஸ்டர் கேட்ட டர்போ

மாமனார் தன் பட்டறைக்குள் கால் வைப்பார் என்று நட்டு கனவிலும் நினைத்ததில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் அவனிடம் நேராகப் பேசியதே குறைவு. "போயும் போயும் நட்டு முடுக்கறவனா கிடைச்சான் உனக்கு?" என்று அந்தக் காலத்தில் மகளிடம் எகிறியவர். அந்த 'நட்டு' எப்படியோ வெளியே கசிந்து, நண்பர்கள் வாயில் ஏறி, வாடிக்கையாளர்கள் வாயில் ஏறி, கடைசியில் பட்டறை வாசலில் இருந்த பலகையிலும் ஏறிவிட்டது. அவனுக்கும் பழகிவிட்டது. மனைவிக்குத்தான் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் முகம் சுண்டிப்போகும்.

மாமனாரை ஊரில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேர் ஸ்டீயரிங் பிடித்தது அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கித்தான். மாமியார் இறந்தபிறகு ஸ்கூலை இழுத்து மூடிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரு பெரிய வீடும், ஒரு சிவப்பு வண்டியும். இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு, டர்போ என்றால் என்னவென்றே ஜனங்களுக்குத் தெரியாத காலத்தில் டர்போவோடு வந்த வண்டி. தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து "மாஸ்டர் வர்றார்" என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தச் சத்தம் அன்று காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றது.

"மாப்ளே, இருக்கீங்களா?"

நட்டு ஒரு வாடிக்கையாளரின் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பேசாமல் இருந்தான். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் உறைத்தது. அவசரமாக வெளியே வரப்போய் நெற்றியில் இடித்துக்கொண்டான்.

மாஸ்டர் ஒரு அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே புத்தம் புது டர்போ, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான். பெரிய நத்தைக் கூடு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டிருந்தது. வண்டியில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு பெரிசு.

"இதை மாட்டணும். உங்களால முடியுமா, வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

"முடியும் மாமா. ஆனா இதை மட்டும் மாட்டினா போதாது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் எல்லாமே மாத்தணும். இவ்ளோ காத்தை உள்ள தள்ளினா பெட்ரோலும் அதுக்கேத்த மாதிரி போகணும், இல்லைன்னா பிஸ்டன் உருகிடும்."

"மாத்துங்க. போன வருஷம் மலை ஏத்தத்துல அந்த ஜவுளிக்கடைக்காரன் என்னைத் தாண்டிப் போனான். போகும்போது கையை வேற ஆட்டிட்டுப் போறான். இந்த வருஷம் என் கண்ணாடியில அவன் வண்டிதான் தெரியணும்."

பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி மலைப்பாதையில் நேரம் வைத்து ஓட்டுவார்கள். மாஸ்டருக்கு வருஷத்தில் அது ஒன்றுதான் நல்ல நாள். மகளும் எப்போதும்போல இடது சீட்டில் உட்கார்ந்து, வளைவுகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவாள்.

சாவியை வாங்கும்போதுதான் நட்டு கவனித்தான். இடது பக்கத்துக் கண்ணாடி உடைந்து, கறுப்பு டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முன் பம்பரின் இடது மூலை முழுக்கக் கீறல். இடது சக்கரங்களின் விளிம்பை எலி கடித்த மாதிரி இருந்தது.

"என்னாச்சு மாமா இது?"

மாஸ்டரின் முகம் இறுகியது. "எவனோ எனக்குத் தெரியாம வேலை காட்டறான். ராத்திரி நிறுத்திட்டுப் போனா காலையில ஒரு கோடு. எதிர்வீட்டுக்காரன் மேல எனக்கு சந்தேகம். கையும் களவுமா பிடிக்காம விடமாட்டேன்."

வலது பக்கம் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை. கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது.

அன்று மாலை நட்டு வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அப்பா போன் பண்ணாரு. மாப்ளைகிட்ட வண்டியக் குடுத்திருக்கேன்னு சொன்னாருங்க. மாப்ளை! என் காதால கேட்டேன்!" அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கையிலிருந்த கிரீஸைக்கூடப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக அவள் உள்ளே அடக்கி வைத்திருந்தது என்னவென்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது.

வேலை ஆரம்பமாயிற்று. பழைய டர்போவைக் கழற்றுவதே பெரும்பாடு. இத்தனை வருஷச் சூட்டில் போல்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஒன்று பாதியில் முறிந்தது. கழற்றிய டர்போவைக் கையில் வைத்து விசிறியைச் சுழற்றிப் பார்த்தான். ஆட்டம் இல்லை, கசிவு இல்லை. இன்னும் பல வருஷம் உழைக்கும். இதை எதற்கு மாற்றவேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. நமக்கென்ன, கேட்டதைச் செய்வோம் என்று ஓரமாக வைத்தான்.

டர்போ அமுக்குகிற காற்று கொதிக்கும். அதைக் குளிரவைக்கிற ரேடியேட்டர் மாதிரியான ஒன்று முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும். அதற்கும் புதுக் குழாய் போடவேண்டும் என்று பம்பரை இறக்கினான். இடது மூலை லேசில் வரவில்லை. ஏதோ பிடித்து இழுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தான்.

இரும்புக் கொக்கியில் மஞ்சள் நாடா ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மெல்லப் பிரித்து எடுத்தான். முழங்கை நீளம் இருக்கும். ஒரு முனை தாறுமாறாகக் கிழிந்திருந்தது. நாடாவின்மேல் வரிசையாக எண்கள், கோடுகள். தையல்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிற அளவு நாடா.

அவன் அதைப் பார்த்தபடி அப்படியே குந்தியிருந்தான். எதிர்வீட்டுக்காரன் வந்து காரில் கீறலாம். டெய்லர் நாடாவைக் கொண்டுவந்து பம்பருக்குள் சுற்றிவிட்டுப் போவானா? நாடாவின் கிழிந்த முனையில் ஏதோ காய்ந்து கறுத்திருந்தது. எண்ணெய்க் கறையா, வேறு ஏதாவதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. முகர்ந்து பார்க்கவும் மனசு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அதுவும் முதல் தடவை. மனைவி காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. மாஸ்டர் புதுச்சட்டை போட்டிருந்தார். வலது கன்னம் மழமழவென்று மழிக்கப்பட்டிருந்தது. இடது கன்னத்தில் இரண்டு நாள் முடி.

"என்னப்பா இது, பாதி ஷேவிங்? தண்ணி நின்னுபோச்சா?" என்று மகள் சிரித்தாள்.

மாஸ்டர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். வலது கன்னத்தை. "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

அவள் இன்னும் சிரித்தாள். நட்டுவும் சிரிக்கப் பார்த்தான்.

சாப்பாடு பரிமாறியாயிற்று. மாஸ்டர் ருசித்துத்தான் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்பாவுக்கு அளந்துதான் வெப்பியா?" என்றார்.

தட்டின் வலது பாதி வழித்துத் துடைத்த மாதிரி காலியாக இருந்தது. இடது பாதியில் சோறும் காயும் வைத்தது வைத்தபடி கிடந்தன. நடுவில் கத்தியால் கோடு போட்ட மாதிரி.

"அதான் இருக்கேப்பா, வீட்ல தனியா சாப்பிட்டு சாப்பிட்டு விளையாட்டுப் பிள்ளையாயிட்டீங்க" என்று மகள் இன்னொரு கரண்டி சோறு எடுக்கத் திரும்பினாள். அந்த இடைவெளியில் நட்டு கை நீட்டி, மாமனாரின் தட்டை மெல்லத் திருப்பினான். இடது பக்கம் வலது பக்கமாயிற்று.

"ஓ, வெச்சுட்டியா? எப்ப வெச்சே?" என்று மாஸ்டர் சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

மாஸ்டர் நடிக்கவில்லை. மறைக்கவும் இல்லை. அந்தப் பாதித் தட்டு அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

அடுத்த நாள் மாஸ்டர் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கப் பட்டறைக்கு வந்தார். திறந்து கிடந்த இன்ஜினுக்கு முன்னால் குனிந்து, இரும்பைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "என்ன ராசா, வலிக்குதா? பொறுத்துக்கோ" என்று கொஞ்சினார். நட்டு செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் அவருடைய இடது பக்கத்தில் வந்து நின்றான். ஒரு கை தூரம். அவர் திரும்பவில்லை. அவன் கையைத் தூக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில் ஆட்டினான். அவர் கண் இமைக்கவில்லை. முகத்தில் அதே செல்லச் சிரிப்போடு வண்டியிடம் பேசிக்கொண்டே இருந்தார். "அந்த ஜவுளிக்கடைக்காரன் மூஞ்சியில கரியைப் பூசணும், தெரிஞ்சுதா?"

பட்டப்பகலில், தன் சொந்தப் பட்டறையில், நட்டு கண்ணுக்குத் தெரியாதவனாக நின்றான். செத்துப்போனவன் உயிரோடிருப்பவன் பக்கத்தில் வந்து நிற்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான்.

மறுநாள் மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டு மாஸ்டரின் தெருப் பக்கம் போனான். டெய்லர் கடையைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தெரு போய்ப் பெரிய சாலையில் சேருகிற இடத்தில், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் இருந்தது. உள்ளே டெய்லர் ஒரு நாற்காலியில் இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. கழுத்தைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு தழும்பு.

"பேண்ட் கொஞ்சம் குறைக்கணும்" என்றான் நட்டு. வாயில் வேறெதுவும் வரவில்லை.

"மிஷின் மிதிக்கக் கால் இல்லீங்களே. கையால தெச்சுத் தரேன், லேட்டாகும். பரவாயில்லையா?"

"கால்ல என்னாச்சுண்ணே?"

கேட்டதுதான் தாமதம், டெய்லர் கொட்டித் தீர்த்தார். எத்தனை பேரிடம் சொல்லியும் ஆறாத கதை என்பது தெரிந்தது.

"காலையில கடை திறக்க சைக்கிள்ல வரேன். பின்னால வண்டிச் சத்தம். சரின்னு இன்னும் ஓரமா ஒதுங்கினேன். ஒரே இடி. கழுத்துல நாடா கிடந்துச்சு பாருங்க, அது அந்த வண்டியில எங்கியோ மாட்டி, என்னையும் சேர்த்து இழுத்துச்சு. அறுந்துதோ பொழச்சேன். இல்லைன்னா இன்னிக்கு நீங்க யார்கிட்டப் பேசிட்டிருப்பீங்க?"

"வண்டி... நிக்கலையா?"

"அதாங்க எனக்கு மனசே ஆறமாட்டேங்குது. இடிச்சவன் ஒண்ணு நிப்பான். இல்லையா, பயந்துபோய் வேகமா ஓடுவான். இவன் ரெண்டும் பண்ணல. எந்த வேகத்துல வந்தானோ அதே வேகத்துல போனான். காத்து வாங்கப் போறவன் மாதிரி. சிவப்பு வண்டி, அவ்ளோதான் தெரிஞ்சுது. புகார் கொடுத்திருக்கேன். ஒரு மனுஷனை நாயை விடக் கேவலமா நெனச்சிருக்கான் பாருங்க. நாயை அடிச்சாக்கூட கண்ணாடியில ஒரு தடவ பார்ப்பான்."

பேண்டை அப்புறம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு நட்டு வெளியே வந்தான். வெயிலில் கண் கூசியது. அவன் பையில் அந்த நாடா இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் போனான். கை பைக்குள் போய்விட்டு வெறுமனே திரும்பியது.

அன்றே மனைவியிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் அப்பாவுக்குக் கொடுக்க என்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தாள், மலைப்பாதையில் வெயில் அடிக்குமாம். "ஏங்க, அப்பா உங்களைப் பத்தி ஜவுளிக்கடைக்காரர்கிட்டயே பெருமையா சொன்னாராம். எங்க மாப்ளை கை வெச்சா வண்டி பறக்கும்னு." அவள் அதைச் சொன்னபோது இருந்த முகத்தைப் பார்த்து அவனுக்கு வாய் அடைத்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தான். மறுநாளும் அதே நினைப்போடு படுத்தான்.

அதற்குப் பதிலாக ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். வண்டி பிரிந்து கிடக்கிறவரை யாருக்கும் ஆபத்தில்லை. அதனால் வேலையை இழுத்தான். ஒரு நாள் போல்ட்டு வரவில்லை என்றான். ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றான். அப்புறம் டர்போ கசியாமல் இருக்க இடையில் வைக்கிற கேஸ்கெட் வரவில்லை என்றான். மலை ஏற்றம் முடிந்துவிட்டால் மாஸ்டருக்கு அவசரம் போய்விடும், அப்போது நிதானமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகலாம் என்று கணக்குப் போட்டான்.

கடைசியில் ஒரு நாள் மாஸ்டர் பட்டறைக்கு வந்து, வலது பக்கத்து அலமாரியிலிருந்து பிரிக்காத ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"இது என்ன?"

கேஸ்கெட். நட்டு தலையைக் குனிந்தான்.

"எதிர்வீட்டுக்காரன், ஜவுளிக்கடைக்காரன், இப்ப நீயும். எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க, இல்ல?" மாஸ்டரின் குரல் தாழ்ந்தது. சத்தம் போட்டுத் திட்டுகிற மனிதர் தாழ்ந்து பேசியதுதான் பயமாக இருந்தது. "நட்டு நட்டுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி ரெடியாகல, இழுத்துட்டுப் போய் வேற இடத்துல மாட்டிக்கிறேன். என் பொண்ணுகிட்டயும் காரணம் சொல்லிடறேன்."

வேறு இடத்தில் கொடுத்தால் அவர்கள் முழு வேகத்துக்குத் திறந்துவிட்டுக் கொடுப்பார்கள். அதற்கு நாமே மாட்டினால் அடக்கியாவது வைக்கலாம். இப்படித் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு நட்டு வேலையை முடித்தான். புது டர்போவை இறக்கினான், எண்ணெய்க் குழாய், தண்ணீர்க் குழாய், புகைக் குழாய் எல்லாம் பூட்டினான். டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளலாம் என்று கூட்டிக் குறைக்க, மாஸ்டர் ஒரு திருகு கேட்டிருந்தார். அதை ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பொருத்தினான். கடைசி வரை குறைத்து வைத்தான். முதலில் தீப்பொறி இல்லாமல் இன்ஜினை வெறுமனே சுற்றவிட்டு, டர்போவுக்குள் எண்ணெய் இறங்க விட்டான். எண்ணெய் இல்லாமல் சுழன்றால் புது டர்போ கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துபோகும். அப்படி எரிந்துபோகட்டுமே என்று ஒரு கணம் கை தயங்கியது. தொழில் பழக்கம் விடவில்லை.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமிப் பிடித்தது. மிதித்தபோது உறுமலுக்கு மேலே மெல்லிசாக ஒரு விசில் எழுந்தது. தூரத்தில் யாரோ ஒருத்தி ஓலமிடுவது மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் வந்தார். "வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார். கோபமெல்லாம் போயிருந்தது.

"நான் ஓட்டறேன் மாமா. புது டர்போ, கொஞ்ச தூரம் பழக்கணும்."

"எனக்கே பாடமா?" அவர் சிரித்துக்கொண்டே டிரைவர் சீட்டில் ஏறி, கையை நீட்டினார். "சாவி, மாப்ளே."

நட்டு சாவியைக் கொடுத்தான்.

போகும்போது சொல்லிவிடலாம், மகள் இல்லாத இடத்தில், ஆளுக்கு ஆள் நேராகச் சொல்லிவிடலாம் என்று இடது சீட்டில் உட்கார்ந்தான். சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். ஊரைத் தாண்டும்வரை அவன்தான் கண். "மாமா, லெஃப்ட்ல ஆட்டோ." "மாமா, ஓரமா ஒரு அம்மா." மாஸ்டருக்கு எரிச்சலாக வந்தது. "ஏன் தொண தொணங்கறீங்க? யாரும் இல்லையே!" ஆட்டோ கண்ணாடிக்கு ஒரு விரல் இடைவெளியில் பின்னால் போயிற்று.

கிடங்குகள் இருக்கிற அகலமான சாலைக்கு வந்தார்கள். மாஸ்டர் மிதித்தார். வண்டி சோம்பலாக நகர்ந்தது.

"என்ன மாப்ளே, பழசே தேவலைபோல இருக்கு?"

"மாமா, வண்டியை ஓரங்கட்டுங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசலாம், பேசலாம்." அவர் கை வலது பக்கம் போயிற்று. திருகு திரும்புகிற சத்தம் நட்டுவுக்குக் கேட்டது.

"மாமா, வேணாம்!"

பெரிய டர்போ உடனே வேலை செய்யாது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அந்த விசில் எழுந்தது. பின்னாலிருந்து லாரி ஒன்று முட்டித் தள்ளிய மாதிரி வண்டி பாய்ந்தது. நட்டுவின் தலை சீட்டில் மோதியது. மாஸ்டர் "அப்பிடிப் போடு!" என்று கத்தினார். முன்னால், இடது ஓரத்தில், சாலையில் வெள்ளைக் கோடு போடுகிற ஆட்கள் குந்தியிருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று. மாஸ்டர் முகத்தில் சின்னப்பிள்ளைச் சிரிப்பு.

"ஆளு! ஆளு இருக்காங்க மாமா!"

"எங்க?"

முதல் கூம்பு பறந்தது. இரண்டாவது கூம்பு கண்ணாடியில் அடித்தது. நட்டு இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தான். வண்டி ஒரு சுற்று சுற்றி, நடுச்சாலைத் தடுப்புச் சுவரில் பக்கவாட்டில் போய் மோதி நின்றது.

ஆவி சீறியது. நட்டுவின் தோளில் ஏதோ உடைந்திருந்தது. மாஸ்டரின் நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்தது. வெளியே கோடு போடுகிறவர்களில் ஒரு பெண் பிரஷைக் கையில் பிடித்தபடி, குந்தினது குந்தினபடியே இருந்தாள். அவளுக்கும் வண்டி போன தடத்துக்கும் நடுவில் ஒரு பெயிண்ட் டப்பா மட்டும் நசுங்கிக் கிடந்தது.

"என்னய்யா இழுத்தே? நல்லாத்தானே போயிட்டிருந்தேன்?" என்றார் மாஸ்டர்.

"அங்க பாருங்க மாமா."

"எங்க?"

நட்டு வலிக்காத கையால் அவர் தாடையைப் பிடித்து, முகத்தை இடது பக்கமாகத் திருப்பினான். முழுக்கத் திருப்பிய பிறகுதான் அவருக்கு அந்தப் பெண் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தார்கள். பூமியிலிருந்து முளைத்து வந்த மாதிரி அவர்களைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அங்கேயே, அந்த ஆவிக்கு நடுவில், நட்டு எல்லாவற்றையும் சொன்னான். தட்டு, கன்னம், நாடா, டெய்லர். கேட்டு முடித்ததும் மாஸ்டர், "அந்த டெய்லருக்கு உயிர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். பல மாதங்களுக்கு முன்பே மூளையில் ஒரு சின்ன இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. வலியில்லாமல் வந்து, வந்த சுவடு தெரியாமல் தங்கிவிட்டது. "இடது பக்கம் இருக்கிறது அவருக்குத் தெரியாது. தெரியலைங்கறதும் தெரியாது" என்றார் டாக்டர். மாமியார் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

மனைவி வராந்தாவில் நின்றிருந்தாள். தோளில் கட்டோடு நட்டு பக்கத்தில் போய் நின்றான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சாப்பிட வந்தாரே, அன்னைக்கு."

அவள் அவன் தோள்கட்டைப் பார்த்தாள். "அடுத்த வாரம் மலை ஏத்தத்துல அந்த சீட்ல நான் உட்கார்ந்திருப்பேன். இன்னிக்கு அந்தப் பொம்பளை செத்திருப்பா. தெரிஞ்சும் சாவியை எப்படிங்க அவர் கையில குடுத்தீங்க?"

"மாப்ளேன்னு கேட்டாரு" என்றான் நட்டு.

அவனிடம் இருந்த காரணமே அவ்வளவுதான். வெளியே சொன்னபோது அது எவ்வளவு சின்னது என்று அவனுக்கே கூசியது. அவள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பா படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நெற்றித் தையல் பிரிப்பதற்கு முன்பே மாஸ்டர் டெய்லர் கடைக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மூன்று பேருமாகப் போனார்கள். உள்ளே இருந்த நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்தார். டெய்லர் அவருக்கு இடது பக்கம் இருந்தார். மாஸ்டர் எதிரே இருந்த சுவரைப் பார்த்து, "உங்களை இடிச்சது நான்தான்" என்றார்.

டெய்லருக்குக் கோபம் பொங்கியது. "அதை என் மூஞ்சியப் பார்த்து சொல்லக்கூட மனசு வரலையா?"

மாஸ்டர் தடுமாறினார். குரல் வந்த திசையைத் தேடி, தலையை, தோளை, கடைசியில் நாற்காலியோடு உடம்பையே திருப்பினார். மாவுக்கட்டு தெரிந்தது. பிறகு கழுத்துத் தழும்பு தெரிந்தது. டெய்லர் அந்தத் திரும்பலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணியை மடியில் வைத்தார்.

"நெஜமாவே தெரியலையா?" என்றார், கோபம் பாதியில் நின்றுபோன குரலில்.

"இல்ல."

"என் கால் சரியாகாதுன்னு சொல்லிட்டாங்க. அதை என்ன பண்றது?"

டெய்லர் புகாரைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நட்டு பையிலிருந்து நாடாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். எப்போது கிடைத்தது என்று டெய்லர் கேட்டார். அவன் சொன்னான். டெய்லர் அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையில், பேண்ட் குறைக்க வந்தவனை அடையாளம் தெரிந்துகொண்டது தெரிந்தது. மாஸ்டரைப் பார்த்ததைவிட அதிக வெறுப்போடு அவனைப் பார்த்தார்.

வழக்கு நடக்கிறது. மாஸ்டரின் லைசென்ஸ் போயிற்று. வீட்டை விற்று டெய்லருக்கு வழி செய்யவேண்டும் என்று அவர் சொல்கிறார், மகள் தலையாட்டுகிறாள். சிவப்பு வண்டி பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் அந்த டர்போவை மட்டும் கழற்றித் தர முடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். நட்டு முடியாது என்று சொல்லிவிட்டான்.

மாஸ்டர் இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறார். நட்டுவும் மனைவியும் தேவைக்கு மட்டும் பேசிக்கொள்கிறார்கள், சாப்பிட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்று. சில நாள் மாஸ்டர் தூங்கி எழுந்ததும் எல்லாம் மறந்துபோய், சட்டை மாற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்து நிற்பார்.

"சாவி எங்க? எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் தெரியுது எல்லாம்."

மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து வாசற்படியில் நிற்பாள். அப்பாவைப் பார்க்கமாட்டாள். புருஷன் என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"இல்ல மாமா, தெரியாது" என்பான் நட்டு. "உட்காருங்க, மறுபடியும் சொல்றேன்."